ரெஃப்ரி கையைத் தூக்கினார்!

போன ஞாயிற்றுக்கிழமை கச்சிராயபாளையத்தில் ஒரு கபடி மேட்ச். எனக்குக் கபடியில் ஒரு விதியும் தெரியாது. ஆனால் அன்று மைதானத்தில் எல்லாரையும்விட அதிகமாகக் கத்தியது நான்தான்!

ஏன் என்கிறீர்களா? சொல்கிறேன்.

நான் கள்ளக்குறிச்சியில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். நோயாலோ விபத்தாலோ முடங்கியவர்களை, சாப்பிட, குளிக்க, வேலைக்குப் போக என்று அன்றாடக் காரியங்களுக்கு மறுபடி பழக்குவது என் வேலை. சில மாதங்களுக்கு முன் ஏழுமலை வந்தார். கரும்பு விவசாயி, ஐம்பத்திரண்டு வயது. பக்கவாதம். பேச்சு தப்பித்தது, வலது கை விழுந்துவிட்டது. காலையும் இழுத்து இழுத்துத்தான் நடந்தார். மனைவி அஞ்சலை டவுன் பஸ்ஸில் அழைத்து வருவார்.

நான் என்ன செய்தேன்? அனுபவசாலி அல்லவா... இலக்கை நானே எழுதிவிட்டேன். சட்டைக்குத் தானே பட்டன் போடுவது! மூன்று வாரம் பட்டன், பட்டன், பட்டன். ஏழுமலை கொட்டாவி விட்டார்.

நான்காவது வாரம் அஞ்சலை அவரை இழுத்துக்கொண்டுதான் வந்தார்.

"வர மாட்டேன்னு வூட்டுலயே குந்திக்கினாரு மேடம். இன்னா சொன்னாலும் காதுல வாங்கல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் நாளே செய்திருக்க வேண்டியதை நான் செய்யவில்லை. அவரையே மார்க் போடச் சொல்லவில்லை!

ஒவ்வொரு காரியத்துக்கும் மூன்றே கேள்விகள். இது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? இப்போது எப்படிச் செய்கிறீர்கள்? அதில் திருப்தியா? ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை? பேப்பரை எடுத்தேன்.

"பட்டனுக்கா? ரெண்டு மார்க் போட்டுக்குங்க மேடம். அத இவ போட்டு வுடறா. எனக்கு ஒரு கொறையும் இல்ல."

அஞ்சலை முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

"சரி, பத்துக்குப் பத்து எதுக்கு?"

ஏழுமலை நிமிர்ந்தார். "நான் கபடி ரெஃப்ரி மேடம். இந்தச் சுத்துப்பட்டுல எங்க மேட்ச்னாலும் விசிலு என் வாயிலதான். வலது பக்க டீமுக்குப் பாயிண்ட்னா வலது கையத் தூக்கணும். இது தூக்க மாட்டேங்குது."

"இடது கையைத் தூக்கினா என்ன?"

"எதிர் டீமுக்குப் பாயிண்ட் பூடும் மேடம்!"

முக்கியம் — பத்து. செய்வது — ஒன்று. திருப்தி — சைபர். அத்தனையும் அவரே போட்ட மார்க். என் பழைய இலக்கை அங்கேயே பேனாவால் அடித்துவிட்டேன்.

சுவரில் சாக்பீஸ் கோடு போட்டோம். சுவரோடு தேய்த்தபடி கையைக் கோடு வரை ஏற்ற வேண்டும். வீட்டில் அஞ்சலை திடீர் திடீரென்று "ரைட்டு பாயிண்ட்!" என்று குரல் கொடுப்பாராம். அவர் உடனே கையைத் தூக்க வேண்டும். சாப்பிடும்போதுகூட விடவில்லையாம்! கொட்டாவி விட்ட மனிதரா இவர்? இப்போது எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

கோடு ஏறியது. இடுப்பு, மார்பு, தோள்... தோளில் ஒன்றரை மாதம் நின்றுவிட்டது. எனக்குப் பயம். அவருக்கு இல்லை.

"கபடி கபடின்னு பாடிப் போனவனப் புடிச்சிக்கினா அப்படியே படுத்துக்குவானா மேடம்? கோட்டுக்கு இழுத்துக்கினுதான் வருவான்."

ஞாயிறன்று, பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு முதல் மேட்ச். நட்பு ஆட்டம், முதல் பாதி மட்டும். டாக்டரும் சரி சொல்லியிருந்தார். சட்டை பட்டனை அஞ்சலைதான் போட்டுவிட்டார், அதில் மாற்றமில்லை!

ஆட்டம் சூடு பிடித்தது. வலது பக்க டீமில் ஒருவர் பாடிப் போனார். மூன்று பேர் அமுக்கினார்கள். அவர் புழுதியில் புரண்டு நடுக்கோட்டை நோக்கிக் கையை நீட்டினார். விசில்!

பிறகு ஏழுமலையின் வலது கை எழுந்தது. மார்பு... தோள்... கொஞ்சம் நடுங்கியது... தலைக்கு மேலே!

அஞ்சலை என் கையை நெரித்துவிட்டார். நான் கத்திய கத்தலில் பக்கத்தில் இருந்தவர் தள்ளி நின்றார்.

எதிர் டீம் கேப்டன் பாய்ந்து வந்தார். "இன்னா ரெஃப்ரி, கண்ணு தெரியலயா? அவன் கோட்டத் தொடவே இல்ல!"

"தொட்டான். போய் ஆடு!"

பாதி ஆட்டம் முடிந்து ஏழுமலை எங்களிடம் வந்தார். வேர்வை வழியும் முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களா மேடம்? எட்டு மாசமா எல்லாரும் எங்கிட்ட 'பாத்து, மெதுவா'ன்னு தணிஞ்சே பேசிக்கினு இருந்தாங்க. இன்னைக்குத்தான் ஒருத்தன் சண்டைக்கு வந்தான்!"

இதை எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் நான் எழுதியிருப்பேன்? ஒருவருக்கு எது முக்கியம் என்பது அவரைக் கேட்டால்தானே தெரிகிறது?

அது நியாயமான பாயிண்ட்தானா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள் — நான் கோட்டைப் பார்க்கவே இல்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்!