ஜெயம்மா அக்கா கவிழ்த்து வைத்த சிரட்டைகள்

ஜெயம்மா அக்கா இறப்பர் பாலை எடுத்து முடித்தாலும் உடனே மலையை விட்டு இறங்க மாட்டார். இருபது வருடமாக அவருக்கு அடுத்த வரிசையில் பால் வெட்டுகிறேன். நாங்கள் எல்லோரும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு ஓடுவோம். பால் வடிய மரத்தில் கட்டிய தேங்காய்ச் சிரட்டைகளை அப்படியே விட்டுவிடுவோம். பிறகு சொட்டி உறைகிற ஒட்டுப்பாலை மறுநாள் காலையில் பிய்த்துக்கொள்ளலாம். அக்கா மட்டும் இன்னொரு சுற்று வருவார். கடைசிச் சொட்டும் நின்ற பிறகு ஒவ்வொரு சிரட்டையையும் விரலால் வழித்துத் துடைத்து, மரத்தடியில் கவிழ்த்து வைப்பார். முந்நூறு மரத்துக்கும் இப்படித்தான். ஆறு வருடமாக ஒரு நாள் தவறியதில்லை.

இந்தப் பழக்கம்தான் போன வருடம் எங்கள் எட்டாம் நம்பர் மலைக்கு ஆபத்தைக் கொண்டுவந்தது.

எங்கள் தோட்டம் யட்டியாந்தோட்டை பசாருக்கு மேலே இருக்கிறது. பெரிய விளையாட்டு விழா ஒன்றை எங்கள் மாகாணத்தில் நடத்தப் போகிறார்கள் என்றும், அதற்கு ஸ்டேடியம் வேண்டும் என்றும் பேச்சு வந்தது. டவுன் கிரவுண்டை உயர்த்திப் பெரிதாக்கலாம் என்று ஒரு பக்கம் சொன்னார்கள். ஆற்றங்கரையில் காசைக் கொட்டக் கூடாது, தோட்டத்து மலையில் புதிதாகக் கட்டுவோம் என்று இன்னொரு பக்கம் சொன்னார்கள். பசாரில் யாரைப் பார்த்தாலும் இதே பேச்சுத்தான்.

ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணி இருக்கும். பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு விறகு பொறுக்க மலைக்குத் திரும்பியிருந்தேன். ரோட்டில் ஒரு வேன் நின்றது. ஸ்டேடியத்துக்கு இடம் பார்க்க வந்த ஐந்து பேர் இறங்கி ஜெயம்மா அக்காவின் வரிசைக்குள் வந்தார்கள். கூட வந்த, தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் அந்த வாரம்தான் மாற்றலாகி வந்தவர். ஒருவர் ஒரு சிரட்டையைக் காலால் புரட்டிப் பார்த்தார். அடுத்ததையும் பார்த்தார். "கிரி நே," என்று சிங்களத்தில் சொன்னார். பால் இல்லையாம். வெட்டுவதை விட்டுவிட்ட மரங்கள் போல இருக்கிறது என்றார் இன்னொருவர். கண்டக்டர் வாய் திறக்கவில்லை. விறகுக் கட்டோடு பத்தடி தூரத்தில் நின்ற நானும் திறக்கவில்லை. எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். புதிய ஆட்களைக் கண்டால் நாக்குத்தான் எழும்பாது.

இரண்டு கிழமை கழித்து பசாரில் சாலி நானாவின் கடைச் சுவரில் அறிவித்தல் ஒட்டினார்கள். எட்டாம் நம்பர் மலையில் இருப்பவை பால் வற்றிய மரங்கள், பயன்படாத காணி, ஆகவே ஸ்டேடியத்துக்குப் பொருத்தம் என்று இரண்டு மொழியிலும் எழுதியிருந்தது. ஆட்சேபம் உள்ளவர்கள் சனிக்கிழமை டவுன் மண்டபத்துக்கு வந்து சொல்லலாமாம்.

அந்த மலை போனால் அதில் பால் வெட்டும் நான்கு பேருக்கும் இங்கே வேலை இல்லை. ஆறு மைல் தள்ளியிருக்கிற தோட்டத்தின் இன்னொரு டிவிஷனுக்குத்தான் போக வேண்டும். அங்கே காலையில் போக பஸ் கிடையாது. ஜெயம்மா அக்கா தனி ஆள். புருஷன் இறந்த பிறகு இரண்டு பெண் பிள்ளைகளையும் அந்த முந்நூறு மரத்தை வைத்துத்தான் வளர்த்தார்.

அன்று சாயங்காலம் பைப்படியில் கஜேந்திரன் அவரைச் சீண்டினான். அவன் எங்கள் லயத்துப் பிள்ளை, இளைஞர் கழகத்துச் செயலாளர், நன்றாக ஓடுவான்.

"அக்கா, ஒங்க மரத்துல பாலே இல்லைன்னு கவர்மெண்டே எழுதிட்டாங்க. இனி கதிரையில ஒக்காந்து நாங்க ஓடுறதப் பாருங்க."

"ஓடு தம்பி, நல்லா ஓடு," என்றார் அக்கா. "ஓடுற ஓட்டத்துல ஒருநா காலையில எம் மரத்துப் பக்கமும் வந்து பாத்துட்டுப் போ."

மறுநாள் மலையில் நான் பார்த்ததைச் சொன்னேன். அக்கா ஒரு சிரட்டையை வழித்து முடித்துக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீ பக்கத்துலயா நின்ன?"

"ஆமாங்க."

"அப்ப ஏன் புள்ள வாயத் தொறக்கல?"

நான் குனிந்து வாளியை எடுத்தேன். அவர் அடுத்த மரத்துக்குப் போனார். அங்கிருந்தபடியே சொன்னார்: "சரி விடு. நீ பாத்து வச்சதே பெரிசு. பேசுறத நான் பேசிக்கிறேன்."

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. சாலி நானா முதலில் எழும்பினார். டவுன் கிரவுண்டை உயர்த்தினால் அங்கே நிற்கிற வெள்ளம் அவருடைய கடைக்குள் வரும் என்றார். போன வெள்ளத்தில் ஃப்ரிட்ஜ் மிதந்து போனதைச் சொன்னார். கஜேந்திரன் தார் ரோட்டில் ஓடி முழங்கால் தேய்ந்த கதையைச் சொன்னான், தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் நல்ல கிரவுண்ட் வேண்டும் என்றான். இருவருக்கும் கை தட்டினார்கள். இருவர் சொன்னதிலும் பிழையில்லை என்றுதான் எனக்கும் பட்டது.

கடைசியில் அக்கா எழும்பினார். சிங்களத்தில்தான் பேசினார். எதிர்ப்புச் சொல்ல வந்ததாக எல்லோரும் நினைத்தார்கள்.

"ஸ்டேடியம் வேணாம்னு சொல்ல நான் வரலைங்க மாத்தயா. எங்க கட்டுறதுன்னு நீங்களே யோசிங்க. ஆனா எம் மரம் செத்துப்போச்சுன்னு எழுதி வச்சுட்டு யோசிக்காதீங்க. நீங்க வந்தது பன்னெண்டு மணிக்கு. அந்நேரம் எந்த மரத்துலயும் பால் நிக்காது. காலையில ஆறரைக்கு வாங்க."

மேசைக்குப் பின்னால் இருந்த கூட்டத் தலைவர், காரியாலயம் எட்டரைக்குத்தான் திறக்கும் என்றார்.

"பால் அதுக்கு முந்தியே வந்துருதுங்களே."

மண்டபம் சிரித்தது. சாலி நானாவே சத்தமாகச் சிரித்தார். தலைவரும் சிரித்துவிட்டு, பார்ப்போம் என்றார். அக்கா உட்காரவில்லை. எந்த நாள் என்று கேட்டார். நாள் குறிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார். புதன்கிழமை என்று எழுதிக்கொண்டார்கள்.

செவ்வாய் இரவு பெய்யத் தொடங்கிய மழை புதன் விடியும்போதும் விடவில்லை. பட்டை நனைந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினால் சிரட்டைக்குள் போகாமல் மரமெல்லாம் வழியும். வேன் வந்தது. அவர்கள் கண்ணாடியை இறக்கி, இன்றைக்கும் பால் இல்லையே என்றார்கள். அக்கா குடையில்லாமல் ரோட்டில் நின்று மழையின் சங்கதியை விளக்கினார். வேன் போய்விட்டது. அன்றே பத்து மணி பஸ்ஸில் காரியாலயத்துக்குப் போனார். வியாழன் மறுபடி போனார். அந்த இரண்டு நாளும் அவருக்கு வேலைப் பதிவில் பேர் விழவில்லை, சம்பளம் இல்லை. வியாழன் மழை நின்றிருந்தது. வெள்ளிக்கிழமை வருகிறோம் என்று அவர்களைச் சொல்ல வைத்த பிறகுதான் வீட்டுக்கு வந்தார்.

வெள்ளிக்கிழமை ஆறு நாற்பதுக்கு வந்தார்கள். ஐந்து பேரில் மூன்று பேர்தான், அதில் ஒரு இஞ்சினியரும் விளையாட்டு அதிகாரி அம்மா ஒருவரும். அக்கா கத்தியை வைத்து மெல்லிசாகப் பட்டையைச் சீவினார். பால் வெட்டு வழியே ஓடி, தகரத்தில் இறங்கி, சிரட்டைக்குள் விழுந்தது. விளையாட்டு அதிகாரி அம்மா குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார். போதும், தெரிந்துவிட்டது என்றார் இஞ்சினியர்.

"ஒரு மரத்தப் பாத்துட்டுப் போயி முந்நூறையும் எழுதுவீங்க. போன தடவையும் அப்படித்தானே எழுதினீங்க," என்றார் அக்கா. "வாங்க."

அறுபது மரம் வரை கூட்டிக்கொண்டு போனார். இஞ்சினியரின் சப்பாத்துக்குள் அட்டை ஏறியிருந்தது. அட்டை கழல்வதற்கு நான் புளிப்புத் தேசிக்காய்ப் பாதியை நீட்டினேன். அவர் அதைத் தேய்த்துக்கொண்டே, இவ்வளவு பால் வருகிற மரத்தில் சிரட்டையை ஏன் கவிழ்த்து வைத்தீர்கள் என்று அக்காவைக் கேட்டார்.

சின்ன மகளுக்கு டெங்கு வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததை அக்கா சொன்னார். சிரட்டையில் நிற்கிற மழைத் தண்ணீரில் நுளம்பு முட்டையிடும் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். வீடு வந்த அடுத்த நாளே கவிழ்க்கத் தொடங்கினாராம். இஞ்சினியர் அதையும் எழுதிக்கொண்டார்.

"மத்தவங்க சிரட்டையெல்லாம் நிமிந்துதான் இருக்கு," என்றார் அந்த அம்மா, என் வரிசையைப் பார்த்து.

"அவங்களுக்கும் சொல்லிட்டுத்தான் இருக்கேன்," என்றார் அக்கா. எனக்கு முகம் சுட்டது.

ஒரு மாதத்தில் புதிய அறிவித்தல் வந்தது. பால் வற்றிய மரங்கள் என்ற வரியை எடுத்துவிட்டு, தற்போது பால் வெட்டப்படும் காணி, நான்கு தொழிலாளர் வேலை செய்கிறார்கள் என்று போட்டிருந்தார்கள். பயன்படாத காணி என்ற சொல்லும் இல்லை. கஜேந்திரன் அக்காவோடு ஒரு கிழமை பேசாமல் இருந்தான். பிறகு ஒரு காலை ஓடி வந்தவன் வரிசையில் நின்று பால் விழுவதைப் பார்த்தான். கிரவுண்ட் வேண்டும் என்பதை அவன் விடவில்லை. விடத் தேவையில்லை என்றுதான் அக்காவும் சொல்கிறார்.

இன்றைக்கு இரண்டு திட்டமும் கொழும்பில் இருக்கின்றன. முடிவு வரவில்லை. எட்டாம் நம்பர் மலையில் அளந்தவர்கள் அடித்த சிவப்பு முளைகள் அப்படியே நிற்கின்றன. அவற்றுக்கு நடுவில் நாங்கள் நான்கு பேரும் பால் வெட்டுகிறோம். முடித்த பிறகு நான்கு பேருமே சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்கிறோம்.