காய்ச்சல் பார்க்கிற கை

புறங்கையைத்தான் வைப்பாள். குழந்தையின் நெற்றியில் காய்ச்சல் பார்க்கிற மாதிரி, துணி உலர்த்தும் இயந்திரத்தின் முதுகில் வைப்பாள், வெந்நீர்க் குழாயில் வைப்பாள், சுவரில் செருகிக் கிடக்கும் போன் சார்ஜரில் வைப்பாள். சூடாக இருந்துவிட்டால் முகம் சுருங்கும். "இங்க பாரு, சும்மா கொதிக்குது. யாருக்காகக் கொதிக்குது?" என்று கேட்பாள். அவளே பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த சுவருக்குப் போவாள்.

பெரிய சலவைக்கூடம் அது. ஓட்டல் படுக்கை விரிப்பு, துண்டு, மேசைத் துணி எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். வெளுத்து மடிந்து திரும்பிப் போகும். அவளும் அவள் கொழுந்தனும் கூட்டு முதலாளிகள். மடிப்பு மேசையில் நிற்கிற பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் காய்ச்சல் அக்கா. அது அவளுக்கும் தெரியும். "பேரு வைக்க நேரம் இருக்கு, லைட்ட அணைக்க நேரம் இல்ல" என்பாள்.

நான் அங்கே வாடகைக்கு வண்டி ஓட்டுகிறவன். மூட்டை ஏற்றி முடிக்கும்வரை என்ஜினை ஓடவிட்டுக்கொண்டு நிற்பது என் பழக்கம். வந்த புதிதில் ஒருநாள் ஜன்னல் பக்கம் வந்து நின்றாள்.

"அண்ணே, வண்டி எங்க போய்க்கிட்டிருக்கு?"

"எங்கயும் போகலம்மா. நிக்குது."

"அப்புறம் எதுக்கு இந்த மூச்சு வாங்கு வாங்குது?"

எனக்குச் சுருக்கென்றது. கொஞ்ச நாள் வேண்டுமென்றே ஓடவிட்டேன். அவளும் விடவில்லை, தினமும் வந்து அதே கேள்வியைக் கேட்டாள். இப்போது வண்டி நின்றதும் கை தானாகச் சாவியைத் திருப்பிவிடுகிறது.

அதோடு விட்டாளா? ஒருநாள் ஈரமான கைத்துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் கண்ணாடி ஓரமாக விரித்தாள். "ஊரெல்லாம் வெயில்ல சுத்துற வண்டிதானே. இதையும் காய வச்சுக்கிட்டு வாங்க." இது வண்டியா, துணிக்கொடியா என்று சத்தம் போட்டேன். கேட்டால்தானே? பெரிய ஓட்டலின் சமையலறைத் துண்டு ஒன்று இன்றைக்கும் என் வண்டியில் காய்ந்துகொண்டுதான் இருக்கிறது.

கூடத்துக்குப் பின்னால் ஓர் அறை. அங்கேதான் தொட்டி இருக்கிறது. இயந்திரம் துணியைப் பலமுறை அலசுகிறது. கடைசி அலசலில் வருகிற தண்ணீர் கிணற்றுத் தண்ணீர் போலவே இருக்கும். அதைச் சாக்கடைக்கு அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. வடிகட்டி வைத்து, தொட்டிக்குத் திருப்பினாள். அடுத்த மூட்டையின் முதல் நனைப்பு அந்தத் தண்ணீரில். கடைசி அலசல் மட்டும் எப்போதும் புதுத் தண்ணீர். கொதித்து முடித்த அழுக்குத் தண்ணீரும் சும்மா போய்விட முடியாது. புதுத் தண்ணீர்க் குழாயைச் சுற்றிச் சுற்றி ஓடி, தன் சூட்டை அதற்குக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். "போறவன் வர்றவனுக்குக் கொஞ்சம் சூடு வச்சிட்டுப் போனா என்ன கொறஞ்சிடும்?" என்பாள்.

ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு வால்வு உண்டு. வெள்ளைத் துணி என்றால் தொட்டிப் பக்கம். சாயத் துணி என்றால் சாக்கடைப் பக்கம். அதை வேறு யாரும் தொடக்கூடாது. அவள் கைதான் திருப்பும். நடு இயந்திரத்தின் வால்வுக் கழுத்தில் மட்டும் வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு துணிக்கிழிசல் கட்டியிருக்கிறது. அதற்கு வருகிறேன்.

இத்தனை செய்தவள் இதை வெளியே சொல்லிக்கொண்டதில்லை. கொழுந்தன் அவள் வாயைக் கட்டியிருந்தான். "அண்ணி, தொட்டியப் பத்தி மூச்சு விடாதீங்க. எச்சில் தட்டுல சோறு போட்ட மாதிரி நெனைப்பாங்க." அவளும் தலையாட்டிவிட்டாள். ஓட்டல் ஆள் யாராவது வந்தால் அந்த அறைக் கதவை ஓசைப்படாமல் சாத்துவாள். கெட்டதைத் திருட்டுத்தனமாகச் செய்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நல்லதை இப்படிச் செய்கிறவளை இங்கேதான் பார்த்தேன்.

ஒருநாள் அந்தப் பெரிய ஓட்டலிலிருந்து புதிதாக வாங்கிய சிவப்பு மேசைத் துணிகள் வந்தன. சாயத் துணிக்கான இயந்திரம் பழுதாகிக் கிடந்தது. அவசரத்துக்கு நடு இயந்திரத்தில் போட்டார்கள். அது என்றைக்கும் வெள்ளைக்கான இயந்திரம். அவள் கை என்றைக்கும் போல வால்வைத் தொட்டிப் பக்கமே விட்டுவிட்டது. அடுத்த மூட்டை படுக்கை விரிப்புகள் வெளியே வந்தபோது மடிப்பு மேசைப் பெண்கள் ஒன்றை விரித்துப் பிடித்து அவளைக் கூப்பிட்டார்கள். அத்தனையும் ரோஜா நிறம்.

தொட்டியைக் காலி செய்து கழுவினார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் சலவைப் பொடி போட்டு விரிப்புகளை ஊறவைத்தாள். பெரும்பாலும் வெளுத்துவிட்டன. ஒரு சில மட்டும் பிடிவாதமாக நின்றன. பின்னால் அதில் ஒன்றின் கிழிசல்தான், கைக்கு நினைவூட்ட, நடு இயந்திரத்தின் வால்வுக் கழுத்தில் ஏறியது.

கொழுந்தன் சொன்னான், "ப்ளீச்ச ரெட்டிப்பா ஊத்துங்க அண்ணி. பால் மாதிரி வந்துரும். யாருக்கும் தெரியாது."

"வரும். நாலு தடவை துவைச்சா நார் நாராக் கிழியும். அப்பவும் யாருக்கும் தெரியாது, இல்ல?"

"ஓட்டல் கைவிட்டுப் போனா பாதி மெஷின் தூங்கும். பாதிப் பேர வீட்டுக்கு அனுப்பணும். உங்க தொட்டி வந்து சம்பளம் குடுக்குமா? நான் பிளம்பரக் கூப்பிடறேன். உடைச்சுத் தள்ளிட்டு நிம்மதியா இருப்போம்."

அவள் மடிப்பு மேசைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். "கூப்பிடு தம்பி. நான் ஓட்டலுக்குப் போயிட்டு வந்துடறேன். அப்புறம் உடைக்கலாம்."

வண்டியில் என் பக்கத்தில் அந்த விரிப்புகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என் வாய் சும்மா இருக்கவில்லை. "சாயம் விட்டது அவங்க துணிதானேம்மா. அவங்க தலையிலயே கட்டிட வேண்டியதுதானே?"

"சாயத் துணின்னா சாயம் விடும். அது அதோட குணம். வால்வத் திருப்பாதது என் கைண்ணே."

அந்த ஓட்டலில் துணிப் பொறுப்பில் இருக்கிற அம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் வெள்ளைக்காரம்மா. நிறம் நம் நிறம்தான். வெள்ளையைத் தவிர வேறு எதற்கும் ஒத்துக்கொள்ள மாட்டார். எந்தத் துணி வந்தாலும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓரம் ஓரமாகப் பார்ப்பார். இதையும் அப்படியே பிடித்தார்.

"என்ன இது, உன் பெட்ஷீட்டுக்கு வெக்கம் வந்திருக்கு?" பிறகு அவரே, "எங்க புது மேசைத் துணி சாயம் விட்டுச்சா?" என்றார்.

வழி தானாகத் திறந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். நான் பின்னாலிருந்து இருமினேன். அவள் திரும்பவில்லை. தொட்டியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள்.

வெள்ளைக்காரம்மா விரிப்பைக் கீழே போட்டார். "பழைய தண்ணியிலயா? எங்க விருந்தாளி மூஞ்சி வச்சுப் படுக்கிற துணிம்மா அது!"

"முதல் நனைப்புக்கு மட்டுந்தான்மா. கடைசி அலசல் புதுத் தண்ணி."

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"பயந்தான்."

"இப்ப பயம் போயிடுச்சாக்கும்?"

"எங்க போச்சு? வண்டிய விட்டு இறங்காம கீழ எவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன்னு அண்ணனக் கேளுங்க."

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வண்டிய எடுக்கச் சொல்லு. நான் கண்ணால பாக்கணும்."

முன் இருக்கையில் ஏறினார். கண்ணாடி ஓரத்தில் காய்கிற துண்டு கண்ணில் பட்டது. "இது யாரோடது?" "உங்க சமையக்கட்டோடதுங்க" என்றேன். "ம்" என்றார். அந்த 'ம்'முக்கு என்ன பொருள் என்று வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை.

சலவைக்கூடத்தில் பிளம்பர் சுத்தியலோடு வந்து உட்கார்ந்திருந்தார். கொழுந்தன் தொட்டி அறைக் கதவை மறைத்துக்கொண்டு நின்றான். "நகரு தம்பி" என்று சொல்லிவிட்டு, எப்போதும் சாத்துகிற கதவை அவளே அகலத் திறந்தாள். தொட்டியின் மூடியைத் தூக்கி ஓரமாக வைத்தாள். கழுவி முடித்த பிறகு வந்து சேர்ந்த அலசல் தண்ணீர். அடித்தளத்து ஆணித்தலைகள்கூடத் தெரிந்தன.

வெள்ளைக்காரம்மா குனிந்து பார்த்தார். முகர்ந்து பார்த்தார். நிமிர்ந்து, கொஞ்சம் மெதுவான குரலில் கேட்டார், "இதுல நீ மூஞ்சி கழுவுவியா?"

மடிப்பு மேசைப் பெண்கள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள்.

இந்தத் தடவை அவள் புறங்கையை வைத்துப் பார்க்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் குவித்துத் தண்ணீரை மொண்டு முகத்தில் அடித்தாள். மறுபடி மொண்டாள். கண்ணை மூடியபடியே கையை நீட்ட, ஒரு பெண் புதிதாக மடித்த வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். முகத்தை அழுத்தித் துடைத்தாள். வெள்ளைக்காரம்மா அதை வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் போய், துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஓரம் ஓரமாக, முதலில் தானே பார்த்தாள்.