கார்ஸா கரைக்கு நான் அனுப்பியவர்கள்

இது பட்டப்பகலில் நடந்தது. பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. உண்மையைச் சொன்னால்தான் எனக்குத் தலைகுனிவு.

பனாமாவில், போக்காஸ் படகுத்துறையில், சின்னச் சின்னச் சீட்டு அறைகளில் உட்கார்ந்து, விடுமுறைக்கு வருபவர்களுக்கு எந்தத் தீவு, எந்தக் கடற்கரை என்று சொல்லி, சீட்டு எழுதிக் கொடுத்துப் படகேற்றிவிடும் பலரில் நானும் ஒருத்தி. போன வருடம் மார்ச் 9. எஃப்ராயின் என்பவர் மனைவியோடு வந்தார்.

"எனக்கு நீச்சல் தெரியாதுக்கா. அலை இல்லாத இடமா சொல்லுங்க."

அலை இல்லாத மான்சா தீவுக்குப் படகு நிரம்பிவிட்டது. கார்ஸா கரைக்குப் போகும் படகில்தான் இடம் இருந்தது. அங்கே அன்று கடல் மோசம் என்று காலையிலேயே படகோட்டிகள் பேசிக்கொண்டார்கள். காதில் விழுந்தது. இருந்தும், "கார்ஸா போங்க, குளம் மாதிரி இருக்கும்" என்றேன்.

மனைவி மட்டும் திரும்பி வந்தாள். என்னை யாரும் விசாரிக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

இந்த வருடம், அதே தேதி. மதியம் 3.20. ஓர் இளம் ஜோடி.

"அக்கா, உங்க சொந்தப் பிள்ளையை எந்தக் கரைக்குக் கூட்டிட்டுப் போவீங்க?"

"இதென்ன கேள்வி?"

"இப்படித்தான் கேக்கணும்னு வெளிய பெஞ்சுல இருக்கிறவர் சொன்னாரு. தொப்பலா நனைஞ்சிருக்காரு, பாவம்."

மழையே இல்லை. எட்டிப் பார்த்தேன். பெஞ்சு காலி.

3.35. ஒரு கிழவர். அதே கேள்வி.

3.50. பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி. அதே கேள்வி... ஒரு சொல் மாறவில்லை.

4.10. சன்னலை இழுத்துச் சாத்தினேன்.

சொட்... சொட்...

சத்தம் வெளியே இல்லை. உள்ளே. என் முதுகுக்குப் பின்னால்.

உப்பு வாடை.

"அலை இல்லாத இடமா... சொல்லுங்க..."

திரும்ப முடியவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினேன்.

"கார்ஸா போகாதீங்க! தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்!"

சத்தம் நின்றது.

வெளியே ஓடினேன். பக்கத்தில் வாழைக்காய் வறுத்து விற்கும் நித்சியா சிரித்தாள்.

"என்னடி, மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு? உன் விருந்தாளிங்க கிளம்பிட்டாங்களா?"

"யாரு?"

"நனைஞ்சுபோய் உக்காந்திருந்தாங்களே. ஒரு ஆம்பளை... பக்கத்துல மஞ்சள் தொப்பி போட்ட பொம்பளை."

அந்தப் பெண் எஃப்ராயினின் மனைவியோ என்று நினைத்து, எண்ணைத் தேடிப்பிடித்து அன்றே அவளுக்குப் போன் செய்தேன். அழுதபடி எல்லாவற்றையும் சொன்னேன்.  அவள், "நான் இன்னிக்கு வீட்டை விட்டே போகலையே" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் துறைமுகப் போலீசிடம் போய் ஒப்புக்கொண்டேன். தேதியைக் கேட்டதும் அங்கிருந்த அதிகாரி ஒரு பழைய பையை எடுத்து மேசைமேல் வைத்தார். போன ஜூனில் சதுப்பில் ஒதுங்கிய ஒரு பெண்ணின் உடலோடு கிடைத்ததாம். தனியாக வந்தவள் போலிருக்கிறது. தேடி யாருமே வரவில்லை.

உள்ளே மஞ்சள் தொப்பி. பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு படகுச் சீட்டு. 'கார்ஸா, மார்ச் 9.' யார் எழுதியது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

என் கையெழுத்து.

எவ்வளவு யோசித்தும் அவள் முகம் எனக்கு நினைவுக்கு வரவில்லை.