நான் சொல்லாமல் ஒரு சக்கரம்

"நான் சொல்லாம என் தண்டவாளத்துல ஒரு சக்கரம் உருளாது. உருண்டா இந்த மீசையை மழிச்சிடறேன்!"

வெர்டாவ் ஊரில் பொம்மை ரயில் ஓட்டும் பெரியவர்களின் மாதிரி ரயில் சங்கத்து அடுப்படியில், கையில் பொக்வுர்ஸ்ட் தொத்திறைச்சியோடு ஓட்மார் சைட்லர் இப்படிச் சூளுரைத்துப் பதினோரு வருடம் ஆகிறது. மீசை சாதாரணமானதல்ல. இரண்டு முனையிலும் பனித்துளி தங்கும். அதைப் பணயம் வைத்தது, சங்கத்தின் கண்ணில், சாக்சனி மாநிலத்தையே பணயம் வைத்தது போல.

எதிரே நின்றவர் ஹார்ட்விக். நாற்பது வருட நண்பர், ஆகவே நாற்பது வருட எதிரி. சங்கம் முழுக்க டிஜிட்டலுக்கு மாறியபோது மாறாத ஒரே மனிதர். டிஜிட்டல் என்றால் ஒவ்வொரு இஞ்சினுக்குள்ளும் நகம் அளவு சில்லு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். கைக்கருவியில் எண்ணை அழுத்திக் கூப்பிட்டால் அந்த இஞ்சின் மட்டும் நகரும்.

"என் சிவப்பு டீசல் இஞ்சின் உன் பேச்சைக் கேக்காதுடா," என்றார் ஹார்ட்விக்.

"நீ செத்த மறுவாரம் கேக்க வைக்கிறேன் பாரு!"

"அதுக்காகவே செத்துப் பாக்கணும் போலிருக்கே."

போன பிப்ரவரியில் அவர் சொன்னபடி செய்துவிட்டார்.

அவர் மனைவி ரோஸ்விதா அவருடைய ரயில் சாமான்களைப் பெட்டிகளில் போட்டு, சங்கத்தில் பழைய சாமான் விற்கும் மேசைக்குக் கொண்டுவந்தார். யாரும் தொடும் முன் ஓட்மார் சிவப்பு டீசலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வாக்குக் கொடுத்தவர் அல்லவா.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வேலை தொடங்கியது. ஈயம் பற்றவைக்கும் கோல் சூடாகிக்கொண்டிருக்க, இஞ்சினின் மேல்கூட்டைக் கழற்றினார். எங்கள் ஊரில் எண்ணெய் விட்ட தேதியைக் கூட்டின் உட்புறம் பென்சிலால் எழுதி வைப்பது வழக்கம். ஹார்ட்விக்கும் முப்பது வருடத் தேதிகளை எழுதியிருந்தார். கடைசித் தேதிக்குக் கீழே இரண்டு வரிகள்:

"அடுத்து இதைத் திறக்கறவன் ஓட்மாராத்தான் இருப்பான். மோட்டாருக்கு மின்சாரம் வர்ற ஒரு கால் இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கிட்டிருக்கு. முதல்ல அதைப் பிரிடா கழுதை, சில்லு புகைஞ்சிடும்."

பழைய இஞ்சின்களில் எல்லோரும் கோட்டை விடும் இடம் அதுதான். ஓட்மாரும் அதுவரை அதைக் கவனிக்கவில்லை. கோலை வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்ததாகப் பிற்பாடு என்னிடம் கூட்டைக் காட்டியபோது சொன்னார். "தூசி, கண்ணுல விழுந்திடுச்சு" என்றும் சொன்னார். கூட்டுக்குள் தூசியே இல்லை.

பிறகு மோட்டாரின் காலைப் பிரித்தார், சில்லை வைத்தார், கம்பிகளை இணைத்தார். வீட்டிலிருந்த பழைய கருவியில் ஒரே பொத்தான்தான்; அது எண் கேட்காது. அழுத்தினார், ஓடியது. வியாழக்கிழமை சங்கத்துக்கு வந்து, கதவில் தொங்கும் எண் பட்டியலில் "118, சிவப்பு டீசல்" என்று அழகாக எழுதினார். இஞ்சினைத் தண்டவாளத்தின் ஓரமிருந்த குட்டி இஞ்சின் கொட்டகையில் நிறுத்தினார். ரோஸ்விதா உட்பட எல்லோர் முன்னாலும் 118-ஐக் கூப்பிட்டார்.

அசையவில்லை.

தண்டவாளத்தைத் திட்டினார், ஈரப்பதத்தைத் திட்டினார், சில்லு செய்த தொழிற்சாலையைத் திட்டினார். தன்னைத் தவிர எல்லாவற்றையும் சந்தேகித்தார்.

அடுத்த வியாழன் மாலை ஆறரை. ஓட்மாரும் நானும் மட்டும் முன்னறையில். யாரும் எதையும் தொடவில்லை. சிவப்பு டீசல் விளக்கைப் போட்டுக்கொண்டு, கொட்டகையிலிருந்து ஒரு சின்ன உதறலோடு வெளியே வந்து, மெல்லப் பாலத்தைத் தாண்டியது.

"நீயா?" என்றார் ஓட்மார். என் இரண்டு கையிலும் பீர் பாட்டில் இருந்தது.

அதற்கடுத்த வியாழனும் அதே ஆறரை. ஹார்ட்விக் உயிரோடிருந்தபோது சங்கத்துக்கு முதல் ஆளாக வந்து சேரும் நேரம் அது. விஷயம் பரவியது. பகுத்தறிவோடு வளர்ந்த கிழக்கு ஜெர்மானியர்களான எங்கள் உறுப்பினர்களில் நான்கு பேருக்கு ஒரே நேரத்தில் முதுகு வலி வந்து, சங்கத்துக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

தலைவி சில்க்கே கறாராகச் சொல்லிவிட்டார். "ஓட்மார், அடுத்த வாரத்துக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா அது திரும்பப் பழைய சாமான் மேசைக்குப் போகும். முன்பின் தெரியாதவன் வாங்கிட்டுப் போகட்டும்."

ஓட்மார் மீசையைத் தடவினார். முனைகள் அன்று தொங்கியிருந்தன.

அதற்கும் அடுத்த வியாழன் ரோஸ்விதா முட்டைப்பாலேடு கேக்கோடு சீக்கிரமே வந்து, கொட்டகைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஆறரைக்கு விளக்கு எரிந்தது. உதறல். இஞ்சின் வெளியே வந்தது.

"வந்துட்டார்," என்றார் ரோஸ்விதா, பேருந்தைப் பற்றிச் சொல்வது போல.

பாலத்தின் நடுவே இஞ்சின் நின்றது. பின்னறையில் சில்க்கேவின் குரல்: "இந்தத் துணி அழுக்காயிடுச்சு, மாத்தறேன்!" சிறிது நேரத்தில் இஞ்சின் மீண்டும் கிளம்பியது.

ஓட்மார் எழுந்தார். நானும் பின்னால் போனேன். பின்னறைக்குள்ளும் நீளும் அதே தண்டவாளத்தில், அதைத் துடைக்கும் இஞ்சின் வட்டமடித்துக்கொண்டிருந்தது. கூட்டம் தொடங்கும் முன் வாராவாரம் ஆறரைக்கு அதை ஓட்டுவது சில்க்கேவின் கடமை. அவர் கையிலிருந்த கருவியில் எண் தெரிந்தது: 3.

புதுச் சில்லு எல்லாமே தொழிற்சாலையிலிருந்து 3 என்ற எண்ணோடுதான் வரும். எங்கள் சங்கத்தில் 3 துடைக்கும் இஞ்சினுக்கு மட்டும் என்று ஒதுக்கியாகிவிட்டது. "புதுச் சில்லு வைத்தால் முதல் வேலை எண்ணை மாற்றுவது" என்பது சங்க விதி நான்கு. இயற்றியவர் ஓட்மார் சைட்லர். அந்த ஞாயிற்றுக்கிழமை பென்சில் வரிகளைப் படித்தவர் அதை மறந்துவிட்டார்; 118 என்று பிறகு பட்டியலில் எழுதினாரே தவிர, இஞ்சினிடம் சொல்லவே இல்லை. ஆகவே 3-ஐக் கூப்பிட்டால் இரண்டு இஞ்சினும் சேர்ந்தே கிளம்பும்.

மாற்ற அரை நிமிடம் போதும். கருவியை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தார். இஞ்சின் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. ரோஸ்விதா அதைப் பார்த்தபடியே கேக்கை வெட்டினார். எங்களுக்கும் சில்க்கேவுக்கும் சேர்த்து நான்கு தட்டில் நான்கு துண்டு. பிறகு, யோசிக்காமல், ஹார்ட்விக் உட்காரும் இடத்தில் ஐந்தாவது தட்டிலும்.

"என்னன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

ஓட்மார் கருவியைப் பார்த்தார். ஐந்தாவது தட்டைப் பார்த்தார்.

"இல்ல ரோஸ்விதா. ஒண்ணும் புரியல."

அன்றே அவர் சங்கத்தின் கால அட்டவணையைக் கழற்றி ஒரு வரி சேர்த்தார்: "வியாழன் 18.30, சிவப்பு டீசல், கொட்டகையிலிருந்து பாலம் வழியாக." சில்க்கே அதை இருமுறை படித்தார். அட்டவணையில் இருப்பது பேயாக இருக்க முடியாது என்று முத்திரை குத்திவிட்டார். நான்கு பேருக்கும் முதுகு வலி குணமானது. எனக்குத் தெரிந்ததை நான் இதுவரை வெளியே சொல்லவில்லை.

அடுத்த வியாழன் ஓட்மார் வந்தபோது யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. மேலுதடு வெயிலே படாத வெள்ளையாக, கொஞ்சம் குழந்தைத்தனமாக இருந்தது. ரோஸ்விதா ஒருமுறை பார்த்துவிட்டு, அவருக்குப் பெரிய துண்டாக வெட்டினார்.

ஆறரை ஆனது. ஓட்மார் இரண்டு கையையும் மேசை மேல் வைத்துக்கொண்டார். சக்கரம் உருண்டது.