தறிக்குழிக்குள் நெட்டைக்காலி

எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடை விடுமுறை. நீலகிரியில் ஆசிரியையாக இருந்த என் அக்கா ஆரணிக்கு வந்தபோது அவள் கூடைக்குள் ஒரு குருவி இருந்தது. மலை உச்சிப் புல்வெளியில் இறக்கை அடிபட்டுக் கிடந்ததாம். பழுப்பு உடம்பு, கறுப்புக் கீற்றுகள். பின்விரல் நகம் மட்டும் அளவுக்கு மீறிய நீளம். நெட்டைக்காலி என்ற பெயரை நான் பத்திரிகை வேலைக்குப் போன பிறகுதான் அறிந்தேன்.

கூண்டில் குச்சி வைத்தோம். அது ஏறவே இல்லை, தரையிலேயே நடந்தது.

"உன்ன மாதிரிதாண்டி. வெச்ச எடத்துல இருக்காது" என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார் அம்மா.

ஆரணி வெயில் அதற்கு ஆகவில்லை. அலகைத் திறந்தபடி மூச்சு வாங்கியது. எங்கள் வீட்டில் குளிர்ந்த இடம் தறிக்குழி ஒன்றுதான். நெய்பவர் காலைத் தொங்கவிட்டு மிதிபலகைகளை மிதிக்கும் பள்ளம் அது; பட்டு இழை அறாமலிருக்க அதில் எப்போதும் ஈரம் இருக்கும். போளூர் போயிருந்த அப்பா மாலையில்தான் திரும்புவார். அக்கா குருவியைக் குழிக்குள் விட்டாள். பறக்காது என்று நம்பினாள்.

அப்பா மதியமே வந்துவிட்டார். கிணற்றடியில் இருந்த எங்களுக்குத் தறிச்சத்தம் கேட்டது. அக்கா குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"அப்பா, கால எடுக்காதீங்க. குருவி உள்ள கீது."

அப்பாவின் வலது கால் பலகையை அழுத்தியபடி நின்றது. தறியில் பாதி நெய்த கல்யாணப் புடவை. காலை எடுத்தால் இடது பலகை இறங்கும். அதன் அடியில் இருந்தால் குருவி நசுங்கும். மிரண்டு மேலே பாய்ந்தாலோ அந்த நகம் பாவில், தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய இழைகளில், மாட்டிக்கொள்ளும். புடவையும் போகும், குருவியும் போகும்.

"எந்தப் பக்கம்மா?" அப்பா குரலை உயர்த்தவில்லை.

"தெரிலப்பா."

"சன்னல சாத்துங்க. இருட்டா இருந்தா குந்திகினு இருக்கும்."

சாத்தினேன். அக்கா குப்புறப் படுத்துக் குழிக்குள் கையை விட்டாள். வாய்க்குள் ஜெபம். அப்பாவின் தொடை நடுங்கத் தொடங்கியது. கூடவே பாவும் நடுங்கியது.

"ஜல்தியா பாரும்மா. கால் நிக்கல."

"ஆப்டுச்சு."

இடது பலகையின் அடியில்தான் இருந்தது. நகத்தில் ஒரு துண்டுப் பட்டு இழை சுற்றியிருந்தது. நெஞ்சு துடிப்பது வெளியே தெரிந்தது. அப்பா திட்டவில்லை. தொடையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

"இங்க வேணாம்மா. மேலயே கொண்டுபோய் உட்ரு."

விடுமுறையில் பாதி மிச்சமிருந்தது. அன்று மாலையே அக்கா நீலகிரி போகும் ரயிலைப் பிடிக்கக் காட்பாடிக்குப் பஸ் ஏறினாள். பஸ் வரை கூடையை நான் சுமந்தேன். உள்ளே சத்தமே இல்லை. திறந்து பார்க்க இருவருக்கும் தைரியம் வரவில்லை.