சிங்காரம் வளர்த்த பாசி

எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் பாசிக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்த ஒரே மனிதர் பக்கத்து வீட்டு சிங்காரம்தான். வாசல் முருங்கைக்கு ஒரு சொம்பு ஊற்றியதில்லை. பாசிக்கு மட்டும் காலையில் ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருஷமாக ஃபைபர் போட்டின் பின்பக்கம் நின்று இன்ஜின் பிடிக்கிறவர். முகத்துவாரத்தில் அலை தூக்கிப் போடும்போது மற்றவர்கள் சாமி பெயரைச் சொல்வார்கள். இவர் பீடி பற்ற வைப்பார். அப்படிப்பட்ட ஆள் மார்கழியில் ஒரு காலை, சொந்த வீட்டு முற்றத்தில் தொப்பென்று விழுந்தார். சத்தம் என் அடுப்படி வரை கேட்டது.

நான் ஓடினேன். எனக்குப் பின்னால் மோகன்குமாரும் வந்தான். அவன் சிங்காரத்தின் மனைவி தேவகிக்குத் தம்பி. போட்டில் பாதிப் பங்கு அவனுடையது. நாங்கள் போனபோது சிங்காரம் துவைக்கிற கல்லின் பக்கத்தில், பாசியின் நட்டநடுவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"பாசி வழுக்கிடுச்சிடா மோகனு."

"மாமா, ஒரு மாசமாவே உன் காலு மேல எனுக்கு டவுட்டு. பின்னாடி நிக்கிற ஆளு வுழுந்தா போட்ல கீற நாலு பேரு கதி இன்னா? நீ கரையில குந்திக்கினு வலை தெச்சிக்கினு இரு."

"காலு நல்லாத்தான்டா கீது! பாசி வழுக்குனா நான் இன்னா பண்ணுவேன்?"

"சரி, பொங்கல் கழிச்சி வந்து பாக்குறேன், அது எவ்ளோ வழுக்குதுன்னு."

அன்றிலிருந்து பாசி அவருக்குச் சாட்சி. அதைத் தொலைத்தால் கடலையும் தொலைத்த மாதிரி. தேவகி பிரஷும் பிளீச்சிங் பவுடருமாக வந்தால் கையை விரித்துக்கொண்டு குறுக்கே நிற்பார். மழை விட்டு வெயில் ஏறி, பாசி ஓரம் காய ஆரம்பித்தது. பதறிப்போய் நண்டுக் கூடையைக் கவிழ்த்து நிழல் கொடுத்தார்.

"குடிக்கிற தண்ணிய பாசிக்கு ஊத்துறியே, மூள கீள இருக்குதாய்யா உனுக்கு?" என்று தேவகி கத்துவாள்.

"பச்சையா ஒண்ணு வளருது. உனுக்கு இன்னா வலிக்குது?"

என்னைக் கேட்டால், இந்த உப்பு மண்ணில் அந்த ஒரு இடம் பச்சையாக இருந்தது அழகுதான். ஆனால் எனக்கு என் இடுப்பு முக்கியம். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

பொங்கல் கழிந்து மோகன்குமார் வந்தான். கூடையைத் தூக்கிப் பார்த்தான்.

"இத்துனூண்டு பாசியா ஆள சாய்ச்சுது?" என்றவன் தேவகி பக்கம் திரும்பினான். "அக்கா, அன்னிக்கி நீ வாசப்படியிலதான நின்னுக்கினு இருந்தே. மாமா எங்க வுழுந்தாரு?"

சிங்காரம் தேவகியைப் பார்த்தார். எந்த அலைக்கும் பயப்படாத மனிதர் முகத்தில் அப்படியொரு பயம். எனக்கே பாவமாக இருந்தது.

"இங்கதான்," என்று தேவகி பாசியைக் காட்டினாள்.

மோகன்குமார் நம்பாமல் ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தான். அதே தொப். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இடுப்பைத் தேய்த்தபடி எழுந்தவன், "சரி மாமா, திங்கக்கெழம நீயே இன்ஜின் புடி" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போனான்.

அவன் தெரு முனை தாண்டியதும் தேவகி பிரஷை எடுத்தாள்.

"அன்னிக்கி நீ வுழுந்தது துணிக் கயித்தாண்ட, காஞ்ச மண்ணுல. அங்கேர்ந்து குந்தினபடியே பாசி வரைக்கும் நகந்து வந்தியே, அதையும் பாத்தேன். நாளைக்கே என்கூட பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு வர்ற. டாக்டரு சரின்னு சொன்னாதான் போட்ல ஏறணும். இல்லாங்காட்டி இப்பவே தேச்சிட்டு, மோகனுகிட்ட நானே சொல்லிடுவேன்."

மறுநாள் இருவரும் பஸ் ஏறினார்கள். அங்கே நடந்ததைத் தேவகிதான் எனக்குச் சொன்னாள். "அம்பிகா, யாராண்டயும் சொல்லாத" என்றாள். அதனால் உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

"எப்படி விழுந்தீங்க?" என்று டாக்டர் கேட்டிருக்கிறார்.

"பா..." என்று ஆரம்பித்திருக்கிறார் சிங்காரம். தேவகி பையைத் திறந்து காட்டியிருக்கிறாள். உள்ளே பிரஷ்.

குப்பத்து ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று சிங்காரம் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "காஞ்ச மண்ணுலதான் டாக்டரு வுழுந்தேன். ரெண்டு தபா."

தேவகிக்குத் தெரிந்தது ஒரு தடவைதான். பையை மூடிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாளாம்.

சர்க்கரையாம். ஒரு மாசம் மாத்திரை, அப்புறம் வந்து காட்டிவிட்டுத்தான் கடல் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மோகன்குமாரிடம் சிங்காரமே போய் உண்மையைச் சொன்னார். அன்று சாயங்காலம் பிரஷை வாங்கிப் பாசியையும் அவரே தேய்த்தார். மூலையில் உள்ளங்கை அளவு மட்டும் விட்டுவைத்திருக்கிறார். கேட்டால், அழகுக்காம்.