பாஸ்போர்ட்டில் ஏறாத பிள்ளை

கோத்தகிரிக்கு வந்த புதிதில் ஒரு காலை, குழாயடியில் பக்கத்து வீட்டுப் பெண் என்னிடம், "நீங்க எதுவரைக்கும் இருப்பீங்க?" என்று கேட்டாள். "இங்க இனிமே கணக்கில்லைங்க, சாகிறவரைக்கும் இருக்கலாம்" என்று சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கடைக்குப் போய் வரும்வரை தன் குடத்தைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்பதற்காகத்தான் கேட்டிருக்கிறாள். எனக்கோ அது விசா ஆபீசில் கேட்கிற கேள்வியாகவே காதில் விழுந்தது. பாஸ்போர்ட்டை வாங்கிவிட்டு இன்னும் இலங்கையில் தோட்டத்து லய வீடுகளில் காத்திருக்கிறவர்களுக்கு அது ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நாங்கள் அங்கே ஹல்துமுல்லைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். நானும் என் வீட்டுக்காரரும் இந்தியப் பிரஜாவுரிமை கேட்டு எழுதிக் கொடுத்தவர்கள். அவருடைய தங்கச்சி மருதாயி, புருஷன் வீட்டாரோடு சேர்ந்து இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டிருந்தாள். எங்களுக்குப் பாஸ்போர்ட் வந்தது; கூடவே இத்தனை நாள்தான் இந்த நாட்டில் இருக்கலாம் என்ற விசாவும் வந்தது. பிறந்து வளர்ந்த மண்ணில் அன்றைக்கு நாங்கள் விருந்தாளிகளானோம். அந்த நேரத்தில் நான் பிள்ளைத்தாய்ச்சி. நிறைமாதத்தில் கப்பல் பயணம் கூடாது என்று பதுளை ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் விசாவை நீட்டிக் கேட்கக் கொழும்புக்குப் போனார்.

அவருக்குத் தெரிந்தது வெலிமடைச் சந்தையில் உருளைக்கிழங்கு மூட்டை இறக்கிப் பழகிய சிங்களம். ஆபீசில் இருந்தவர் வேகமாக ஏதோ கேட்டார். அதில் 'கவத்த' என்ற சொல் மட்டும்தான் இவருக்குப் பிடிபட்டது. எப்போது என்று அர்த்தம். பிள்ளை எப்போது பிறக்கும் என்று கேட்கிறார் என நினைத்து, அடுத்த மாதம் என்று சொல்லிவிட்டார். ஆபீசர் கேட்டதோ, எப்போது நாட்டை விட்டுப் போகிறீர்கள் என்று. அடுத்த மாதக் கடைசிவரைக்கும் முத்திரை விழுந்தது. தோட்டத்துக் கிளாக்கர் ஐயா அதை வாசித்துச் சொன்னபோது என் வீட்டுக்காரர் அப்படியே தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளை பிறந்தாள். பிறப்பைப் பதிந்து, பிறகு கண்டியில் உள்ள இந்தியத் தூதரக ஆபீசுக்குப் போய் அவள் பெயரையும் பாஸ்போர்ட்டில் ஏற்ற வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். இதற்கிடையில் எனக்குக் கடும் காய்ச்சல் கண்டு, பால் வற்றிப்போனது. அதே லயத்தில் இருந்த மருதாயிக்கு அப்போது கைப்பிள்ளை இருந்தான். அவள் கேட்காமலே என் மகளைத் தூக்கி மறுபக்கத்தில் போட்டுக்கொண்டாள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகும் முன்னும் கொழுந்து பறித்து மலையிலிருந்து வந்த பின்னும் இரண்டு பிள்ளைகளும் அவள் மடியில்தான். எங்கள் பெயரைத் தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து ஏற்கெனவே வெட்டிவிட்டார்கள். நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பிராவைக் காலி பண்ணச் சொல்லி ஆள் வந்துகொண்டே இருந்தது. கீழ் ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் வீட்டுக்காரர் பின்பக்கத்தால் தேயிலைக்குள் இறங்கிவிடுவார். விசா முடிந்தவர்களைப் பொலிஸ் உடுத்த துணியோடு ஏற்றிப் போய்க் கப்பலில் விட்ட கதையை எல்லா லயத்திலும் சொன்னார்கள்.

முத்திரை முடியப்போகும் வாரத்தில் ஒரு நாள், அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நாம முன்னால போயிருவோம். புள்ள தங்கச்சிகிட்ட இருக்கட்டும். எல்லாம் சரியானதும் வந்து கூட்டிக்கிறலாம்."

"வந்து கூட்டிக்கிறதுக்கு நமக்கு யாரு விசா குடுப்பா?" என்று கேட்டேன்.

மருதாயி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் சரி என்றிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. "எனக்குப் புள்ளைய வச்சிக்க ஆசைதான் அண்ணி. ஆனா நீங்க தூக்கிட்டுப் போங்க" என்றாள்.

மறுநாளே பிள்ளையோடு நாங்கள் மூன்று பேரும் ரயிலேறிக் கொழும்புக்குப் போனோம். அதே ஆபீஸ், அதே மனிதர். வீட்டுக்காரர் வாயைத் திறக்குமுன் பிள்ளையை மேசைமேல், ஆபீசருடைய பேனாவுக்குப் பக்கத்தில் படுக்கவைத்தேன். வரிசையில் நின்ற பண்டாரவளைத் துணிக்கடை முஸ்லிம் நானா ஒருவர், நான் பேசியதைச் சிங்களத்தில் சொன்னார். "நாங்க போறதுக்குத்தான் நிக்கிறோம் சேர். இவ பேரு ஏறாம கப்பல்ல ஏத்த மாட்டாங்க. எங்களைப் புடிச்சு அனுப்பினா இவளை யார்கிட்ட விட்டுட்டுப் போறது, நீங்களே சொல்லுங்க" என்றேன். ஆபீசர் பிள்ளைக்குப் பக்கத்திலிருந்த பேனாவை எடுத்தார். பிறகு பிள்ளையின் பெயரைக் கேட்டார். காகிதத்துக்காக ஒரு பெயர் பதிந்திருந்தோமே தவிர, அதைச் சொல்லி நாங்கள் அவளை ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. முதன்முதலில் அந்த மேசை முன்னால்தான் வாய்விட்டுச் சொன்னேன்: "கலைவாணி." கண்டி வேலை முடியப் போதுமான நாளுக்கு முத்திரை குத்திக் கொடுத்தார்.

கண்டி வேலையும் முடிந்து நாங்கள் புறப்பட்ட அன்று ஹப்புத்தளை ஸ்டேஷனில் மூடுபனி. மருதாயி பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் மூடிக்கொண்டு என் மகளுக்குப் பால் கொடுத்தாள். மணி அடித்தும் எழும்பவில்லை, நானும் அவசரப்படுத்தவில்லை. ரயில் அசையத் தொடங்கியபிறகுதான் ஓடிவந்து, ஜன்னல் வழியே பிள்ளையை என் கையில் தந்தாள். அவள் முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்குள் பனி மறைத்துவிட்டது. என் வீட்டுக்காரர் பாஸ்போர்ட் இருந்த சட்டைப்பைக்கு மேலே கையை அழுத்திக்கொண்டிருந்தார். இந்தியப் பிரஜை கலைவாணி அதற்குள் இருந்தாள். என் மடியில் கிடந்தவளோ கண்ணை மூடியபடி இன்னும் உதட்டைச் சப்பிக்கொண்டிருந்தாள். அவள் கடைவாயில் ஒரு சொட்டுப் பால் நின்றது. அதைத் துடைக்க எனக்குக் கை வரவில்லை.